கொரிய மாணவரின் ஆங்கிலத்தில் தாய்மொழி எங்கே ஒளிந்திருக்கிறது?

கொரிய மாணவர்களுக்கு இணையவழியில் ஆங்கிலம் கற்பிக்கும் தமிழ் ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "கொரிய மொழியிலும் தமிழைப் போலவே வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில்தான் வரும் என்று படித்தேன். ஆனால் என் மாணவர்களில் ஒருவர்கூட ஆங்கிலத்தில் வினையைக் கடைசியில் வைப்பதில்லை. அப்படியிருந்தும் அவர்களுடைய வாக்கியங்களின் சொல்வரிசை ஏதோ ஒரு வகையில் பிசகியே நிற்கிறது. இதற்குத் தாய்மொழி காரணமா, இல்லையா?"

காரணம்தான். ஆனால் பலரும் தேடுகிற இடத்தில் அது இல்லை. எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற ஆங்கில அடிப்படை வரிசையைக் கொரிய மாணவர்கள் விரைவிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். வாக்கியத்தை எதைக் கொண்டு தொடங்குவது, ஒரு பெயரை விளக்க வரும் நீண்ட தொடரை அதன் எந்தப் பக்கத்தில் வைப்பது, வினையடையை எங்கே செருகுவது, காரணத்தை முன்னால் சொல்வதா பின்னால் சொல்வதா என்பன போன்ற இடங்களில்தான் தாய்மொழியின் பிடி ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. அவற்றுள்ளும் சில இடங்களில் பிழை என்று சுட்டிக்காட்ட ஒன்றுமே இராது; ஆங்கிலேயர் அப்படி எழுதமாட்டார் என்று மட்டுமே சொல்ல முடியும்.

கொரிய மொழியின் அமைப்பைத் தமிழருக்கு விளக்குவது எளிது. "நானுன் சாக்வாருல் மொங்நுன்தா" என்ற வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் "நான் ஆப்பிளைச் சாப்பிடுகிறேன்" என்று அப்படியே வந்து நிற்கும். பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டுகிறது. அடைமொழி பெயருக்கு முன்னால் வருகிறது. பெயரெச்சம் உண்டு, வினையெச்சம் உண்டு. எழுவாயைச் சொல்லாமல் விட்டாலும் வாக்கியம் நிறைவாகவே இருக்கும். இந்த ஒற்றுமையைக் கண்டு வியந்துதான், கொரியாவில் வாழ்ந்த அமெரிக்கரான ஹோமர் ஹல்பர்ட் 1905-இலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூல் வெளியிட்டார். அந்த உறவை இன்றைய மொழியியலாளர் ஏற்பதில்லை. ஜப்பானிய மொழியும் துருக்கிய மொழியும்கூட இதே அமைப்பு உடையவையே. ஆயினும் உறவு இருக்கிறதோ இல்லையோ, ஒரு கொரிய மாணவரின் வாக்கியம் எங்கிருந்து புறப்பட்டு வருகிறது என்பதை ஓர் ஆங்கிலேய ஆசிரியரைவிடத் தமிழ் ஆசிரியர் எளிதில் ஊகிக்க முடியும் என்பது உண்மை.

அடிப்படை வரிசை ஏன் தொல்லை தருவதில்லை? முதற்காரணம், ஆங்கிலத்தில் காதில் விழும் ஏறத்தாழ ஒவ்வொரு வாக்கியமும் அந்த வரிசைக்குச் சான்றாக நிற்கிறது. வினை கடைசியில் வரும் என்ற கொரியப் பழக்கத்தை முதல் வாரத்திலிருந்தே ஒவ்வொரு வாக்கியமும் மறுத்துக்கொண்டே இருக்கும்போது அந்தப் பழக்கம் நிலைக்க வழியில்லை. இரண்டாவது காரணம் பள்ளிக்கூடம். கொரியப் பள்ளிகளில் 1997 முதல் தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்கிவிடுகிறது. அதற்கு மேல் வரும் இலக்கண வகுப்புகளில் "ஓ ஹியொங்ஷிக்", அதாவது ஐந்து வடிவங்கள் என்ற பெயரில் ஆங்கில வாக்கியங்கள் அனைத்தையும் ஐந்து அச்சுகளுக்குள் அடக்கிக் கற்பிக்கிறார்கள். எழுவாய்க்கு அடுத்தது வினை என்பது அந்த ஐந்துக்கும் பொது. இந்த வகைப்பாடு இங்கிலாந்தில் முளைத்து, ஜப்பான் வழியாகக் கொரியாவுக்கு வந்து, தன் பிறந்த மண்ணில் ஏறக்குறைய மறக்கப்பட்ட பிறகும் அங்கே உயிரோடு இருக்கிறது.

தாய்மொழி வரிசை அடியோடு பெயர்ந்து வருவதே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வகுப்பறை இல்லாத இடங்களில் அது வெளிப்படையாகவே வந்திருக்கிறது. ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற ஜப்பானியத் தொழிலாளர்கள் வேலைத்தளத்தில் காதால் கேட்டுக் கற்ற ஆங்கிலத்தை 1970-களில் ஆராய்ந்த மொழியியலாளர் டெரெக் பிக்கர்ட்டன், "ஏழை ஜனங்கள் உருளைக்கிழங்கு தின்ன" என்ற வரிசையில் வினையைக் கடைசியில் வைத்த வாக்கியங்களைப் பதிவு செய்திருக்கிறார். இங்கிலாந்தில் குடியேறிய நான்கு வயதுத் துருக்கியச் சிறுவன் ஒருவனின் ஆங்கிலத்தைப் பெல்மா ஹஸ்னெதார் 1990-களில் தொடர்ந்து ஆராய்ந்தபோதும் இதுவே தெரிந்தது: தொடக்க மாதங்களில் அவன் செயப்படுபொருளை முன்னும் வினையைப் பின்னும் வைத்துப் பேசினான், பிறகு விரைவாகவே மாறிவிட்டான். கொரியர்களைப் பற்றிய நேரடியான சான்று ஆங்கிலத்திலிருந்து அல்ல, ஜெர்மானியத்திலிருந்து கிடைக்கிறது. ஜெர்மனியில் வகுப்பறைக்கு வெளியே அந்நாட்டு மொழியைக் கற்ற கொரிய, துருக்கிய வயதுவந்தோர் முதல் கட்டத்தில் வினையை இறுதியில் வைத்தார்கள். அதே கட்டத்தில் இருந்த இத்தாலிய, ஸ்பானியத் தொழிலாளர்கள் வினையைச் செயப்படுபொருளுக்கு முன்னால் வைத்தார்கள் என்று அன்னே வைனிக்காவும் மார்த்தா யங்-ஷோல்ட்டனும் காட்டினார்கள். ஆக, எல்லோரும் தாய்மொழி வரிசையோடுதான் புதுமொழிக்குள் நுழைகிறார்கள். உங்களிடம் வரும் மாணவர் அந்தக் கட்டத்தை எப்போதோ கடந்துவிட்டவர். அதனால்தான் உங்கள் கண்ணில் அது படவில்லை.

இனி உண்மையான சிக்கலுக்கு வருவோம். ஆங்கிலம் தெளிவாக மறுக்காத பழக்கங்களே நிலைத்து நிற்கின்றன. அவற்றில் முதன்மையானது, வாக்கியத்தின் தலையில் எதை வைப்பது என்பது. கொரிய மொழியில் எழுவாய்க்கு "இ" அல்லது "கா" என்ற உருபு உண்டு. அதைத் தவிர "உன்" அல்லது "நுன்" என்று இன்னோர் உருபும் உண்டு. "இனி நான் சொல்லப்போவது இதைப் பற்றி" என்று பேசுபொருளை அடையாளம் காட்டுவதே அதன் வேலை. பேசுபொருள் எழுவாயாக இருக்கலாம், செயப்படுபொருளாக இருக்கலாம், இடமாகவோ காலமாகவோ இருக்கலாம். அது வாக்கியத்தில் என்ன பங்கு வகிக்கிறது என்பதை அந்த உருபு காட்டாது. சார்லஸ் லீயும் சாண்ட்ரா தாம்சனும் 1976-இல் உலக மொழிகளை எழுவாயை முதன்மைப்படுத்துபவை, பேசுபொருளை முதன்மைப்படுத்துபவை என்று வகைப்படுத்தியபோது, கொரிய மொழியை இரண்டு தன்மையும் உடையதாகவே சேர்த்தார்கள். ஆங்கிலமோ எழுவாய் இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்காத மொழி.

இதன் விளைவை ஒரே ஒரு வாக்கியத்தில் பார்க்கலாம். "ஒனுருன் பாப்பாயோ" என்றால் "இன்றைக்கு வேலை அதிகம்" என்று பொருள். "ஒனுல்" என்பது இன்று. "உன்" என்பது பேசுபொருள் உருபு. "நான்" என்ற சொல் எங்கும் இல்லை. மாணவர் ஆங்கிலத்தில் எழுதும்போது வாக்கியத்தின் தலையில் இருக்கும் பெயரை எழுவாய் என்று எடுத்துக்கொண்டு "டுடே இஸ் வெரி பிஸி" என்று எழுதுகிறார். இதில் எழுவாய் இருக்கிறது, வினை இருக்கிறது, வரிசையும் ஐந்து வடிவங்களில் ஒன்றுக்குப் பொருந்துகிறது. அதனால் அவருக்கு இதில் குற்றம் தெரிவதில்லை; ஆசிரியருக்கும் சட்டென்று தெரிவதில்லை. "நானுன் காம்கியே கொல்லிகி ஷ்விப்தா" என்ற வாக்கியமும் இப்படித்தான். எனக்கு எளிதில் சளி பிடித்துவிடும் என்பது அதன் கருத்து. அதிலிருந்து பிறப்பது "ஐ ஆம் ஈசி டு கேட்ச் எ கோல்ட்" என்ற, கொரிய ஆசிரியர்கள் எல்லோரும் சலிக்கச் சலிக்கத் திருத்தியிருக்கும் வாக்கியம்.

தமிழும் கொரிய மொழியும் பிரியும் ஓர் இடம் இங்கே இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் நாம் "எனக்கு" என்று நான்காம் வேற்றுமையைப் போடுகிறோம். எனவே அந்தச் சொல் எழுவாய் அல்ல என்பது நமக்கு உருபிலேயே தெரிந்துவிடுகிறது. கொரியரின் "நானுன்" அந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. யானைக்குத் துதிக்கை நீளம் என்பதைக் கொரியர் "கொக்கிரினுன் கோகா கில்தா" என்பார்: யானையைப் பேசுபொருளாக நிறுத்தி, மூக்கை எழுவாயாக்கி, நீளம் என்பார். தொடக்க மாணவர் இதை "எலிஃபெண்ட் இஸ் நோஸ் லாங்" என்கிறார். சற்றே முன்னேறியவர் "எலிஃபெண்ட்ஸ் நோஸ் இஸ் லாங்" என்கிறார். பின்னதில் சொல்வரிசைக் குற்றம் இல்லை. ஆனால் யானையை எழுவாயாக்கி "ஹேஸ்" என்ற வினையைக் கொண்டு சொல்லும் ஆங்கில வழி அவர் நாவுக்கு இன்னும் வரவில்லை. பூக்கள் நிறைய இருக்கின்றன என்பதற்கு "தேர் ஆர்" என்று தொடங்காமல் "ஃப்ளவர்ஸ் ஆர் மெனி" என்று அவர்கள் எழுதுவதும் இதே வகைதான். கொரிய மொழியில் "மிகுதியாக இருத்தல்" என்பதே ஒரு பயனிலை. வில்லியம் ரதர்ஃபோர்டு 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானியர், கொரியர் முதலானோரின் ஆங்கிலத்தை ஆராய்ந்து சொன்னதும் ஏறத்தாழ இதுவே: அடிப்படைச் சொல்வரிசை பெயர்ந்து வருவதில்லை, பேசுபொருளை முன்னிறுத்தும் மனப்பாங்கு பெயர்ந்து வருகிறது. முன்பாதியை அவர் கொஞ்சம் அழுத்தியே சொல்லிவிட்டார் என்பது என் கருத்து, பின்பாதி சரி.

அடுத்தது பெயரெச்சம். "நேகா ஒஜே சான் சேக்" என்றால் "நான் நேற்று வாங்கிய புத்தகம்". ஆங்கிலத்தில் புத்தகம் முதலில் வந்து, விளக்கம் பின்னால் தொடர வேண்டும். இதைப் புரிந்துகொள்வதில் மாணவர்களுக்குத் தடை இல்லை. "ஹுச்சி சுஷிக்", அதாவது பின்னின்று அடைகொள்ளல், என்ற பெயரில் கொரிய இலக்கண வகுப்புகளில் தனிப் பாடமே நடத்துகிறார்கள். ஆனால் விதியை அறிவது வேறு, பேசும் வேகத்தில் விளக்க வேண்டிய பெயரை முதலில் சொல்லிவிட்டு அதற்குப் பிறகு விளக்கத்தைக் கட்டுவது வேறு. ஆகவே பெரும்பாலோர் அந்த அமைப்பையே தவிர்த்துவிடுகிறார்கள்; ஒரு நீண்ட வாக்கியத்துக்குப் பதில் இரண்டு சிறிய வாக்கியங்கள் வந்து விழும். ஜாக்லின் ஷாக்டர் 1974-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பிடித்துக் காட்டியது. பாரசீக, அரபு மாணவர்கள் எழுதிய ஆங்கிலக் கட்டுரைகளில் இவ்வகைத் தொடர்கள் ஏராளமாக இருந்தன, பிழைகளும் கூடுதலாக இருந்தன. பெயரெச்சம் முன்னால் வரும் மொழிகளைப் பேசும் சீன, ஜப்பானிய மாணவர்களின் கட்டுரைகளில் அத்தொடர்கள் மிகக் குறைவு, பிழைகளும் குறைவு. பிழைகளை மட்டும் எண்ணினால் சீனரும் ஜப்பானியரும்தான் நன்றாகக் கற்றவர்கள் என்ற தலைகீழான முடிவுக்கு வந்திருப்போம். அந்த ஆய்வில் கொரியர் இல்லை. ஆனால் கொரிய மொழி இந்த விஷயத்தில் ஜப்பானிய மொழியின் அச்சுதான். ஆகவே உங்கள் மாணவரின் கட்டுரையில் "ஹூ", "விச்", "தட்" தொடர்களில் பிழையே இல்லை என்று மகிழ்வதற்கு முன்னால், அத்தொடர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

துணிந்து எழுதுபவர்களிடம் ஒரு குறிப்பிட்ட பிழை மட்டும் விடாமல் வரும். "நேகா சானுன் ஜிப்" என்பது "நான் வாழும் வீடு". வீட்டில் வாழ்கிறேன் என்று சொல்லும்போது இருக்கும் "இல்" உருபு, வாழும் வீடு என்று பெயரெச்சமாகும்போது மறைந்துவிடுகிறது. தமிழிலும் அப்படியே, கொரிய மொழியிலும் அப்படியே. ஆங்கிலத்திலோ அந்த "இன்" எங்கும் போகாது. "தி ஹவுஸ் ஐ லிவ் இன்" என்று வினைக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு நிற்கும். கொரிய மாணவர் "தி ஹவுஸ் ஐ லிவ்" என்று அதை விட்டுவிடுகிறார். உட்கார்ந்த நாற்காலி, எழுதிய பேனா, காத்திருந்த பேருந்து என்று எதை எடுத்தாலும் இதே கதைதான். நம் ஊர் ஆங்கிலத்திலும் இதைக் கேட்கலாம், மூலம் ஒன்றே.

வாசிப்பிலும் இந்த இடமே சுமையாகிறது. ஆங்கில வாக்கியத்தை முடிவிலிருந்து தொடக்கம் நோக்கிப் பின்னோக்கி மொழிபெயர்த்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் கொரிய மாணவர்களிடம் பரவலாக உண்டு. காரணம், கொரிய வாக்கியமாக மாற்ற அதுவே நேர்வழி. நேரம் பார்த்து நடக்கும் சுனுங் என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் இப்படி வாசித்தால் கட்டுப்படியாகாது. எனவே வாக்கியத்தைச் சாய்கோடுகளால் துண்டு துண்டாக வெட்டி, வந்த வரிசையிலேயே பொருள்கொள்ளும் "ஜிக்தொக் ஜிக்ஹே" என்ற பயிற்சியைத் தனிப்பயிற்சி நிலையங்கள் வலியுறுத்துகின்றன. அது வாசிப்புக்கு உதவுகிறது. எழுத்துக்கு அந்த அளவு உதவுவதாகத் தெரியவில்லை.

வினையடையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. கொரிய மொழியில் அது வினைக்கு முன்னால் வரும். எனவே "ஐ வெரி லைக் கிம்ச்சி", "ஐ ஹார்ட் ஸ்டடி இங்கிலீஷ்" போன்றவை எழுகின்றன. ஆங்கிலம் "ஆஃபன்", "ஆல்வேஸ்" போன்ற சொற்களை வினைக்கு முன்னால் அனுமதிப்பதால், எது அங்கே வரலாம், எது வரக்கூடாது என்று கேட்டுக் கேட்டே பிரித்தறிவது கடினம். ஒருவர் "ஹார்ட்" என்பதைத் திருத்தப்போய் "ஹார்ட்லி" என்று எழுதிவிட்டால், கடுமையாகப் படித்தேன் என்பது ஏறத்தாழப் படிக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

காரணத் தொடர்களைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். "மழை பெய்ததால் போகவில்லை" என்பது போலக் கொரிய மொழியில் சார்புத் தொடர் எப்போதும் முன்னால்தான் வரும். காரணத்தைப் பின்னால் சொல்ல விரும்பினால், முதல் வாக்கியத்தை முடித்துவிட்டு, "வேன்யாஹாமியொன்" என்று புதிய வாக்கியம் தொடங்கி, "தேமுனிதா" என்று அதை முடிப்பார்கள். நாம் "ஏனெனில்" என்று தொடங்கி "என்பதால்தான்" என்று முடிப்பது போல. இந்தச் சொல்லுக்கு நேரான ஆங்கிலச் சொல்லாக "பிகாஸ்" கற்பிக்கப்படுவதால், "ஐ லைக் ஸ்பிரிங்." என்று முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, "பிகாஸ் ஃப்ளவர்ஸ் ஆர் மெனி." என்று அரை வாக்கியத்தைத் தனியே நிறுத்துகிறார்கள். நிறுத்தற்குறிப் பிழை என்று சிவப்பு மையில் வட்டமிட்டால் இது தீராது. "பிகாஸ்" தொடர் தனி வாக்கியமாக நிற்காது, அது இன்னொரு தொடரோடு இணைக்கும் சொல் என்று காட்டினால் தீரும்.

பிழையே இல்லாத தாக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: "அவர் வரமாட்டார் என்று நினைக்கிறேன்" என்பதை ஆங்கிலத்தில் "ஐ டோன்ட் திங்க்" என்று மறுப்பை முன்னுக்கு இழுத்துச் சொல்வதே வழக்கம். கொரியர், நம்மைப் போலவே, மறுப்பை "வருதல்" என்ற வினையோடு விட்டுவைத்து "ஐ திங்க் ஹி வில் நாட் கம்" என்கிறார். தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்பவர் காதில் அது சற்றுக் கடுமையாக விழலாம்.

எல்லாப் பிழையையும் தாய்மொழியின் தலையில் கட்டிவிடவும் கூடாது. "ஒய் யூ டிடின்ட் கம்?" என்று துணைவினையை இடம் மாற்றாமல் கேட்பது கொரியர் மட்டும் செய்வதன்று, ஸ்பானியரும் சீனரும் செய்கிறார்கள், ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் ஒரு பருவத்தில் செய்கிறார்கள். இதற்கு நேர்மாறாக, "ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி" என்று மாற்றக்கூடாத இடத்தில் மாற்றுவதும் உண்டு. கொரிய மொழியில் கேள்விக்காகச் சொற்கள் இடம் மாறுவதே இல்லை. வினையின் ஈறும் குரலின் ஏற்றமும் போதும். எனவே இந்தப் பிழை கொரிய மொழியிலிருந்து வந்திருக்க வழியே இல்லை. புதிதாகக் கற்ற விதியை அளவுக்கு மீறி நீட்டியதால் வந்தது. ஒரு பிழை தாய்மொழியிலிருந்து வந்ததா என்று அறிய ஸ்காட் ஜார்விஸ் 2000-இல் மூன்று சோதனைகளை முன்வைத்தார்: ஒரே தாய்மொழியினர் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி செய்கிறார்களா, வேறு தாய்மொழியினர் அப்படிச் செய்யாமல் இருக்கிறார்களா, அவர்கள் தாய்மொழியில் செய்வதும் இதுவேதானா. மூன்றுக்கும் ஆம் என்றால் ஐயமின்றித் தாய்மொழி என்று சொல்லலாம். ஒரு வகுப்பறைக்குள் இருந்துகொண்டு இரண்டாவதைச் சோதிப்பது எளிதல்ல; ஆனால் முதலாவதையும் மூன்றாவதையும் நீங்களே பார்க்கலாம்.

கற்பித்தலுக்கு என் பரிந்துரை இது. அடிப்படை வரிசைப் பயிற்சியில் இனி நேரம் செலவிட வேண்டாம். அவர்கள் அதைத் தாண்டிவிட்டார்கள். அதற்குப் பதிலாக, மாணவர் எழுதிய பத்தி ஒன்றை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் பெயரையும் அடிக்கோடிடச் சொல்லி, "இந்த வினையைச் செய்வது இதுதானா, இந்த நிலையில் இருப்பது இதுதானா?" என்று கேளுங்கள். "டுடே இஸ் பிஸி" அங்கேயே சிக்கிவிடும். அடுத்ததாக, அதே பத்தியில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு சிறு வாக்கியங்களை ஒரே வாக்கியமாக இணைக்கச் சொல்லுங்கள். இணைக்கும்போது "இன்" போன்ற முன்னுருபு வரவேண்டிய வினைகளாகவே தேர்ந்தெடுங்கள்: வாழ்தல், உட்காருதல், காத்திருத்தல், பேசுதல், கவலைப்படுதல். முதலில் முழு வாக்கியமாக எழுதி, பெயரை முன்னுக்கு எடுத்துவிட்டு, எஞ்சிய முன்னுருபு இன்னும் அங்கே நிற்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கேள்வி வாக்கியப் பிழைகளை இந்தக் கணக்கில் சேர்க்காமல் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குத் தேவை ஒப்பீட்டு விளக்கம் அல்ல, நிறையக் கேட்பதும் நிறையக் கேள்வி கேட்க வைப்பதும்தான்.